மொறிஸ் ட்ரவலரின் மரத்துக்குப் புட்டி பூச விடாதீர்கள்

இரட்டைப் பின்கதவில் வலது கதவு மூடவில்லை. முழங்காலால் கீழிருந்து ஒரு தூக்குத் தூக்கி அமத்தினால்தான் பூட்டு விழுந்தது. "பிணைச்சல் தளர்ந்துபோச்சு அண்ணை, ஒரு வொஷர் போட்டால் சரி" என்றார் கராஜ்காரர். பிணைச்சலில் பிழையே இல்லை. அது பூட்டியிருந்த தூண்தான் உள்ளே கரைந்துபோயிருந்தது. தூணின் அடியைப் பெருவிரலால் அமத்தியதும் மண்ணிறப் பெயின்ற் முட்டைக்கோது போல உடைந்தது. அதற்குள் அரை அங்குலம் புட்டி. புட்டிக்குள் கருவாட்டுத் தூள் மாதிரி ஈரமான கறுப்பு மரத்தூள். பெயின்றின் மேல் மெல்லிய தூரிகையால் மரத்தின் ரேகைகள்கூட வரைந்திருந்தார்கள்.

இது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவலர், 948 சிசி. யாழ்ப்பாணத்து வீட்டுக் கொட்டிலில் நின்ற வண்டி. போன மாரிக்கு முன் ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பி, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கொடுத்த வேலை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் வண்டி புதுமணப்பெண் மாதிரி மினுங்கியது. என்ஜின், வயரிங், ரயர் ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்துக் கரியை ஹெட்டைக் கழற்றிச் சுரண்டி, ரப்பெற்றை, அதாவது வால்வு இடைவெளியை, 12 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வைத்து, பிளக்கை 25 தவுக்குச் சரிசெய்து, 948ஐத் தையல் மெசின் போல ஓட வைத்திருந்தார்கள். சொட்டு மருந்துப் போத்தலால் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர்களுக்கு அந்த என்ஜின் எவ்வளவு அடி தாங்கியது என்று தெரியும். இப்படிக் கைவேலை தெரிந்தவர்கள் மரத்துக்கு மட்டும் புட்டி பூசியதுதான் மனதை உறுத்துகிறது.

ட்ரவலரின் மரத்தைப் பலர் அழகுக்கு ஒட்டியது என்று நினைக்கிறார்கள். 1953இல் வந்து 1971 வரை செய்யப்பட்ட இந்த வண்டியில், முன்கதவுக்குப் பின்னால் உடம்பைத் தாங்குவதே 'ஆஷ்' மரச்சட்டம்தான். பக்கத் தகடுகளும் பின்கூரையும் அலுமினியம்; அவற்றின் பாரம் மரத்தில் இறங்குகிறது. பின் மட்கார்ட் பூட்டப்படுவதும் மரத்தில்தான். அடிச்சட்டம் தரைத்தகட்டின் ஓரத்தோடு போல்ற் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அது உக்கினால் கூரை கீழே இறங்கும், கண்ணாடி ஓடும் தவாளிப்பு நெளியும், கதவு தொங்கும். இங்கிலாந்தில் வருடாந்தப் பரிசோதனையில் உக்கிய மரம் கண்டால் வண்டி தேறாது. 40 வயது கடந்த வண்டிகளுக்கு 2018இல்தான் அங்கே விலக்குக் கொடுத்தார்கள். நம்மூரில் புகைப் பரிசோதனை தேறினால் வருமான அனுமதிப்பத்திரம் கையில் வந்துவிடும். மரத்தை யாரும் குத்திப் பார்ப்பதில்லை.

புட்டி ஏன் கூடாது என்றால், மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், புட்டி அசையாது. ஒரே வருடத்தில் இரண்டுக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு விழும். தண்ணீர் அதனூடாக இறங்கும், மேலே பெயின்ற் இருப்பதால் வெளியே வராது. பூசாமல் விட்டிருந்தால் இன்னும் நாலைந்து வருடம் தாங்கக்கூடிய தூண், பூசியதால் ஒரே மாரியில் போய்விட்டது.

ரொறன்ரோவில் இப்படி ஒரு வேலை கொடுத்தால் முதலில் எழுத்தில் மதிப்பீடு வரும், பிரித்ததும் படம் வரும், கூடுதலாக எதைத் தொடுவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். அங்கே மணிக்கணக்குக் கூலியைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் மூடுவதற்கு முன் காட்டுவார்கள். அந்த ஒரு பழக்கம் இங்கே வந்தால் போதும். தூரத்திலிருந்து வேலை கொடுப்பவர்கள் மினுங்கும் படத்தைக் கேட்க வேண்டாம். பெயின்ற் அடிக்க முதல், கூரான ஊசியால் பத்து இடத்தில் குத்திக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். இரண்டு பின்மூலைத் தூண்களின் அடி, சில்லு வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள அடிச்சட்டம், கண்ணாடித் தவாளிப்புக்குக் கீழுள்ள இடைச்சட்டம், பின்கதவுகளின் அடிக்கட்டை ஆகியவை அதில் வர வேண்டும். நல்ல மரத்தில் ஊசி ஆழமாக இறங்காது. கழற்றிய பழைய துண்டுகளை வீசாமல் வைக்கச் சொல்லுங்கள். அச்சு எடுக்க அவைதான் உதவும்.

பிறகு வந்தவர் வீட்டுக் கதவு, நிலை செய்கிற வயதான தச்சர். காரில் ஒருநாளும் கை வைத்ததில்லை. சுத்தியல் பிடியால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். "தம்பி, உது மரமில்லை, மா. சத்தத்தைக் கேளுங்கோ" என்று ஓரிடத்தில் நின்றார். அவர் சோக்கட்டியால் கீறிய இடத்தில்தான் நல்ல மரம் தொடங்கியது. ஒரு மில்லிமீற்றர்கூடக் கூடக்குறைய வெட்டவில்லை.

இங்கிலாந்தில் அளவாக வெட்டிய ஆஷ் சட்டங்கள் செற்றாகவே விற்கிறார்கள். வரவழைக்கலாம். ஆனால் குளிர் நாட்டில் உலர்த்திய மரத்தை யாழ்ப்பாணக் காற்றில் வந்த கையோடு பூட்டினால் ஊதிப் பிதுங்கும். ஒரு மாதமாவது நிழலில் கிடக்க விட வேண்டும். ஆஷ் வளைந்து கொடுக்கும், ஆனால் ஈரத்தில் சீக்கிரம் உக்கும். தச்சர் எடுத்தது இடித்த வீட்டு நிலையொன்றின் பழைய தேக்கு. முதிரை வலிமையானது, ஆனால் பாரம் கூட, ஸ்குரூ ஏற்றினால் வெடிக்கும். பனை இதற்குச் சரிவராது, நார்நாராகப் பிரியும். பழைய நிலை மரத்தில் உடைந்த ஆணி இருக்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு வாளைப் போடுங்கள்.

மரத்தைக் கழற்ற முதல் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே மேற்சட்டத்துக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு தடி, நுனியில் சாக்கு சுற்றி. பின்வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரில் எழுதிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது இரண்டும் 3 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போகாவிட்டால் கதவு பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. ஒரு பக்கம் முடிந்து இறுகிய பிறகுதான் மற்றது.

தூணை முழுதாக மாற்றத் தேவைப்படவில்லை. அடி 14 அங்குலத்தை வெட்டி, சாய்வெட்டில் புதுத்துண்டு இணைத்தார். சாய்வு ஒன்றுக்கு எட்டு: 40 மில்லிமீற்றர் தடிப்பு மரத்துக்கு 320 மில்லிமீற்றர் நீள வெட்டு. அதைவிடக் குறைத்தால் பிசின் மட்டும் பாரம் தாங்க வேண்டி வரும். பிசின் வாங்கும்போது கவனம். குருநகர்ப் பக்கம் வள்ளத்துக்குப் பாவிக்கிற ரெசின் பொலியெஸ்ரர். பைபருக்கு நல்லது, மரத்தை மரத்தோடு ஒட்ட உதவாது. தேவை எப்பொக்ஸி. ஆறுதலாக இறுகும் அரல்டைட் போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுகிற முகத்தை அசற்றோனால் துடைத்து, கால் மணித்தியாலத்துக்குள் ஒட்ட வேண்டும். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கலக்குங்கள். மத்தியான வெக்கையில் கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும். கலந்ததைத் தட்டையான தட்டில் பரப்பினால் சூடு பிடிக்காமல் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். கிளாம்பைப் பிசின் முழுக்கப் பிதுங்கி வடியும்படி நெரிக்கக் கூடாது. நடுவில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாள் அப்படியே விட வேண்டும்.

ஸ்குரூ எல்லாம் துருப்பிடியாத உருக்கு. சாதாரண இரும்பு ஆணி தேக்கில் ஈரம் பட்டதும் கறுக்கும், மரத்தையும் கறுப்பாக்கும். மரமும் இரும்புத்தரையும் சந்திக்கிற இடத்தில் உலராத பசை ஒரு படை பூசி உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அங்கேதான் குடியிருக்கும். சட்டத்தின் வெட்டுமுகங்கள்தான் தண்ணீர் குடிக்கிற வாய்கள். அவற்றுக்கு மட்டும் எப்பொக்ஸி மூன்று தரம். மற்ற இடத்துக்குக் கண்ணாடி போல மினுங்கும் வார்னிஷ் வேண்டாம். வெயிலில் மூட்டுகளில் உரிந்து அதற்குள் தண்ணீர் நிற்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாக நாலு தரம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருக்கா. எண்ணெய் தோய்ந்த சீலையைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காய விடுங்கள். சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

வண்டி பிரித்துக் கிடந்த நேரத்தில் பிறேக்கையும் பார்த்தாயிற்று. 948க்கு முன்னால் 7 அங்குல டிரம். இன்றைய பஸ்களுக்கும் ஓட்டோக்களுக்கும் நடுவில் அது காணாது. 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மொறிஸ் மைனரின் 8 அங்குல டிரம்மை பின்தகடு, சிலிண்டர், ஷூ சகிதம் ஒரே செற்றாக மாற்றலாம். மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சஸிக்குள் இருக்கிறது. அதன் போல்ற்றுகளை உருவ விடாமல் டோர்ஷன் பார் (முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டு) மறிக்கும். பாரை இறக்கியே ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டுவிட்டால் அடுத்த தரம் அந்தப் பாடு இல்லை.

தச்சருக்கு ஒன்பது நாள் எடுத்தது. இப்போது பின்கதவு ஒரு விரலால் தள்ள மூடுகிறது. 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டுக்கும் அவர் ஹாட்போட்டில் வெட்டிய அச்சுகள் கொட்டில் வளையில் கட்டித் தொங்குகின்றன. இடது பக்கத்துக்கு அவற்றைத் திருப்பிப் பிடித்தால் போதும். வீட்டில் நிற்பவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்த வேலை ஒன்றே ஒன்று. ஓடும் கண்ணாடியின் தவாளிப்பில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கின்றன. வேப்பம்பூவும் புழுதியும் சேர்ந்து அவை அடைபடும். ஐப்பசி மழை தொடங்க முதல் தென்னோலை ஈர்க்கு ஒன்றை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு எடுத்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அது வெளிப்பக்கமாக வடிகிறதா என்று பார்க்க வேண்டும்.