தாராவிப் பாட்டுக்கு எந்த பிளேலிஸ்ட்?

"அண்ணே, நம்ம பாட்டை யாருதான் கேக்குறா?" என்று தம்பி கேட்டான். மும்பை தாராவியில், 90 ஃபீட் ரோட்டில் டீக்கடை வாசலில் நின்று, அவன் போனில் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆப்பைத் திறந்து, எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சென்னை, அப்புறம் கோவை. மும்பை ஐந்தாவது இடத்தில் கிடந்தது. நாங்கள் நின்ற அதே தெருவில் எழுதி, அந்தத் தெருவைப் பற்றியே பாடிய பாட்டு அது.

தம்பியோடு சேர்த்து மூன்று பேர் குழு. இருவர் ராப், ஒருவன் கானா. மூவர் வீட்டிலும் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். பாட்டை வெளியிடுவது, கவர் படம் செய்வது, கணக்குப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒன்றரை வருடத்தில் நான்கு வழிகளை முயன்று பார்த்துவிட்டோம். மும்பையிலிருந்து தமிழில் பாடும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எல்லோரும் ஆசைப்படுவது எடிட்டோரியல் பிளேலிஸ்ட். ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆட்கள் பாட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது. இதற்குக் காசு கிடையாது. பாட்டு வெளிவருவதற்கு முன்பே ஆர்ட்டிஸ்ட் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான். வெளியான பாட்டை அனுப்ப முடியாது. குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், உங்களை ஃபாலோ செய்பவர்களின் ரிலீஸ் ரேடாரிலாவது (ஆப் தானாகத் தொகுத்துத் தரும் புதுப் பாட்டுப் பட்டியல்) அந்தப் பாட்டு போய் உட்காரும். பல பசங்க இந்த ஒரு வாரத்தைக் கோட்டை விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் வியாழக்கிழமை ராத்திரி மிக்ஸ் முடித்துக் கொடுப்பார்கள். எங்கள் முதல் பாட்டு அப்படித்தான் போனது.

இரண்டாவது பாட்டு ஒரு தமிழ்ப் பட்டியலில் இரண்டு வாரம் இருந்தது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். எண்ணிக்கை ஏறியது. பட்டியலிலிருந்து எடுத்ததும் வந்த வேகத்தில் இறங்கியது. ஃபாலோயர்கள் பெரிதாகக் கூடவில்லை. காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. தமிழ்ப் பட்டியலைக் கேட்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருக்கிறார். இரண்டு பாட்டுக்கு நடுவே எங்கள் பாட்டும் ஓடுகிறது. பாடுபவன் தாராவியில் இருக்கிறான், 'கல்லி' என்றால் இங்கே சந்து என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. சரி, மும்பைப் பட்டியலில் சேர்ந்தால்? அங்கே வருபவர் இந்தியையும் மராத்தியையும் எதிர்பார்த்து வருகிறார். மொழிப் பட்டியலில் நாம் வெளியூர், ஊர்ப் பட்டியலில் நாம் வேற்று மொழி. மும்பைத் தமிழ்ப் பாட்டின் நிலைமை இதுதான். எடிட்டோரியலில் இடம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டாயம் அனுப்புங்கள். ரசிகர் கூட்டம் அங்கிருந்து வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

ஊர்வாரியான சார்ட்டுகளும் இருக்கின்றன. ஆப்பிள் மியூசிக் 2021இல் நகரவாரியாக டாப் 25 பாட்டுப் பட்டியல் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபையும் அதே வருடம் நகர சார்ட்டுகளைத் திறந்தது. அதில் லோக்கல் பல்ஸ் என்று ஒன்று உண்டு, உலகம் முழுக்கக் கேட்பதை விட அந்த நகரத்தில் கூடுதலாகக் கேட்கும் பாட்டுகளை வாரம் ஒரு முறை வரிசைப்படுத்தும். ஊரின் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க நல்லது. நாமாகப் போய் அதில் சேர முடியாது, அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

இரண்டாவது வழியைச் சொல்லவே கோபம் வருகிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் செய்தி அனுப்பினார். "உங்க பாட்டை மும்பை பிளேலிஸ்ட்ல போட்டுத் தர்றோம், 4,000 ரூபாய்." பசங்க டெலிவரி வேலை பார்த்துச் சேர்த்த காசு. நான் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மூன்றே நாளில் எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறியது. ஊர்ப் பட்டியலைத் திறந்தால் எங்கள் யாருக்கும் உச்சரிக்கத் தெரியாத வெளிநாட்டு ஊர்கள். ஒருவர்கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை, ஃபாலோ செய்யவில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம், அந்தக் கணக்குக்காக எங்கோ எந்திரம் ஓட்டியிருக்கிறது. பிறகு எங்கள் பாட்டை ஆப்புகளுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து எச்சரிக்கை வந்தது, பாட்டே காணாமல் போனது. அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் இருக்கும் பாட்டுகளுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை அபராதம் போடுகிறது, அதனால் டிஸ்ட்ரிபியூட்டர்கள் யோசிக்காமல் தூக்கிவிடுகிறார்கள். இன்னொரு சேதம் வெளியே தெரியாது. கேட்பவர்களின் பழக்கத்தை வைத்துத்தான் ஆப் அடுத்தவருக்குப் பாட்டைப் பரிந்துரைக்கிறது. அந்தக் கேட்பவர்களே பொய் என்றால், பக்கத்துச் சயானில் இருக்கும் உண்மையான ஆளிடம் நம் பாட்டு எப்படிப் போய்ச் சேரும்? காசு கேட்டு பிளேலிஸ்டில் இடம் தருவதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் பதில் போடாமல் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, விளம்பரம். தாராவியைச் சுற்றி சில கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் இன்ஸ்டாவில் காட்டலாம். 500 ரூபாய்க்கு நான்கு நாள் ஓட்டினோம். ஆட்கள் வருகிறார்கள், உண்மையான ஆட்கள்தான். ஒரு பாட்டுக்கு நேராக அனுப்பினால் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே விளம்பரத்தை ஒரு பிளேலிஸ்டுக்கு அனுப்பியபோது கொஞ்சம் பேர் தங்கினார்கள். இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனி வழியாக நிற்காது.

நான்காவதுதான் எங்களுக்குப் பலித்தது. ஏரியாவின் பேரில் நாங்களே நடத்தும் பிளேலிஸ்ட்.

தொடக்கத்தில் பேரிலேயே தப்புச் செய்தோம். 'மும்பை தமிழ் ஹிட்ஸ்' என்று வைத்தோம். அந்தப் பேரில் தேடினால் சினிமாப் பாட்டுப் பட்டியல்கள் வரிசையாக வரும், எங்களுடையது எங்கோ அடியில். '90 ஃபீட் ரோடு, தாராவி' என்று மாற்றினோம். அந்தப் பேரைப் பார்க்கிற பையனுக்கு அது அவன் தெரு. திறந்து பார்க்காமல் இருக்க மாட்டான். விளக்க வரியில் அதே பேரை ஆங்கில எழுத்திலும் போட்டோம். இங்கே மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், ஆனால் படித்தது இந்தியிலோ ஆங்கிலத்திலோதான். தமிழ் எழுத்தில் தேட மாட்டார்கள். இதை மறந்தால் பாதி ஆட்கள் வெளியே நிற்பார்கள்.

பட்டியலில் 28 பாட்டு. எங்களுடையது மூன்றுதான். இதில் பசங்களோடு எனக்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது, எல்லாப் பாட்டையும் நம்முடையதாகவே போடலாமே என்றார்கள். அப்படிப் போட்டால் அது பிளேலிஸ்ட் இல்லை, விளம்பரப் பலகை. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு 2018இல் 'காலா' படத்தில் பாடியபோது இந்தப் பசங்க பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், 'நம்ம ஏரியாக்காரன்' என்ற பெருமையில்தான் பேனாவையே எடுத்தார்கள். அந்தக் குழுவின் பாட்டு முதலில். அடுத்து பழைய கானா, அப்புறம் பக்கத்துக் கல்லியில் இந்தியிலும் மராத்தியிலும் ராப் பாடும் நண்பர்கள். தாராவி தமிழர் மட்டும் வாழும் இடமில்லை. கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்கள், அந்தப் பக்கம் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். நாங்கள் அவர்கள் பாட்டைச் சேர்த்தோம், அவர்கள் எங்களுடையதைச் சேர்த்தார்கள். ஏரியாப் பாசம் மொழியைத் தாண்டும் என்பதை இந்தப் பிளேலிஸ்டில்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் அதைத் தெருவில் இறக்கினோம். ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு பட்டியலுக்கும் போனில் ஸ்கேன் செய்கிற மாதிரி ஒரு குறியீடு (கோட்) உண்டு. அதைப் பெரிதாக அச்சடித்து லேமினேட் செய்து, தெரிந்த சலூன் அண்ணனிடம் கொடுத்தோம். கண்ணாடியின் இடது மூலையில், சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார். முடி வெட்டிக்கொள்ள உட்காருபவருக்கு அரை மணி நேரம் வேறு வேலை கிடையாது. ஸ்பீக்கரில் அந்தப் பட்டியல்தான் ஓடும். ஒரு நாள் அவரே போன் செய்தார். "ஏலே, ஏழாவது பாட்டு வந்தா எல்லாரும் மாத்தச் சொல்லுறாங்க, எடுத்துருங்க." எந்த ஆப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. எடுத்துவிட்டோம்.

ஜனவரியில் பொங்கலுக்கு 90 ஃபீட் ரோட்டில் வரிசையாகப் பானை வைப்பார்கள். அன்று காலைக்கென்று பறை, நாட்டுப்புறப் பாட்டு சேர்த்து வரிசையை மாற்றினோம். சாயங்காலம் சின்ன மேடை ஒன்றில் பசங்க பாடினார்கள். முன் வரிசையில், தள்ளியிருக்கும் ட்ராம்பே சீட்டா கேம்ப்பிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர், இரண்டாவது சரணத்தை முழுசாகக் கூடவே பாடினார்கள். எங்களுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. சலூனுக்கு வந்த ஒரு உறவுக்காரப் பையன் வழியாகப் பட்டியல் அங்கே போயிருக்கிறது. தம்பி பாடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாகத்தான் நகரும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொட்டால்தான் ராயல்டி. ஒரு தெருவின் பட்டியலை மட்டும் நம்பினால் புதுப் பாட்டு அதைத் தொடவே திணறும். வாரா வாரம் கவனிக்கவும் வேண்டும். சீட்டா கேம்ப்புக்கு இரண்டாவது பட்டியல் தொடங்கியிருக்கிறோம். செம்பூர், மாட்டுங்கா என்று ஆளுக்கொன்று தொடங்கலாமே என்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் மாறாத பட்டியலை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

எந்த ஆப்பில் வைப்பது என்பதும் பெரிய கேள்வி. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் பாட்டு என்றால் யூடியூப்தான், டிவியிலோ அம்மாவின் போனிலோ. அங்கே எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று யூடியூப் ஸ்டுடியோவும் காட்டுகிறது. ஆனால் பட்டியல் முடிந்ததும் அது சினிமாப் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பட்டியலாகக் கேட்கும் பழக்கம் ஸ்பாட்டிஃபைக்காரர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். என் தீர்ப்பு, இரண்டிலும் அதே பட்டியலை அதே பேரில் வையுங்கள். ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது, அதே வருடம் விங்க் என்ற ஆப்பும் போனது. அங்கே பட்டியல் கட்டியவர்களின் உழைப்பும் கூடவே போனது. அதனால் கேட்பவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்து வைத்திருக்கிறோம். 140 பேர். புதுப் பாட்டு வந்தால் முதலில் அங்கேதான் போடுகிறோம்.

இந்த வாரம் பட்டியலில் ஏழாவது இடம் காலி. ஆண்டாப் ஹில்லில் இருக்கும் ஒரு பெண் போன மாதம் வெளியிட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'புடீல் ஸ்டேஷன், குரு தேக் பகதூர் நகர்' என்று லோக்கல் ரயிலின் மராத்தி அறிவிப்போடு தொடங்குகிறது, அது முடிவதற்குள் அவள் தமிழில் பாடத் தொடங்கிவிடுகிறாள். சலூன் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன்.