ஸ்டார்ட்டர் பாஸ், கையேடு அரியர்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற 7.5 எச்.பி. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இது. மோட்டாரை முதலில் ‘ஸ்டார்’ இணைப்பில் கிளப்பி, பிறகு ‘டெல்டா’ இணைப்புக்கு மாற்றி ஓடவிடுகிற பெட்டி. கம்பெனி பெயர் வேண்டாம். தகரம் கனம், கான்டாக்டர் (உள்ளே இருக்கிற காந்த சுவிட்ச்) இரைச்சலில்லாமல் பிடிக்கிறது, டெர்மினலில் வயர் மாட்ட இடம் தாராளம். பொருளில் குறையில்லை. கூட வருகிற தமிழ்க் கையேடுதான் வில்லங்கம்.

‘மிகைப்பளு உணர்த்தியைத் தேவைக்கேற்ப மாற்றவும்’ என்கிறது ஒரு வரி. சொல்வது ஓவர்லோடு ரிலேயை: மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடுகிற பாகம். மாற்றவும் என்றால் கழற்றிவிட்டு வேறு போடுவதா, டயலைத் திருப்புவதா? மோட்டார் தகட்டில் 11 ஆம்பியர் என்றிருக்கும். ஓவர்லோடு ரிலே டயலோ 6 முதல் 10 வரைதான். ஒயர்மேன் வேறு வழியில்லாமல் 10-ல் வைப்பார். இந்தப் பெட்டியில் ரிலே இருப்பது மோட்டாரின் வைண்டிங்குக்கு (உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச் சுருள்) போகிற வயரில். தகட்டில் போட்டிருப்பதோ லைன் கரண்ட், அதாவது மெயின் வயரில் வருகிற கரண்ட். டெல்டாவில் ஓடும்போது அதில் 0.58 பங்குதான் ரிலே வழியே போகும். 11 × 0.58 = 6.4. டயல் 10-ல் நின்றால் லைனில் 17 ஆம்பியர் இழுத்தாலும் ட்ரிப் ஆகாது (தானே நிற்காது), வைண்டிங் கருகிவிடும். எழுதியிருக்க வேண்டியது இவ்வளவே: ‘தகட்டிலுள்ள ஆம்பியரை 0.58-ஆல் பெருக்குங்கள். ஓவர்லோடு ரிலே டயலை அந்த எண்ணில் வையுங்கள்.’

தனித்தமிழ் மேல் கோபமில்லை. மின்னோட்டம், மின்னழுத்தம் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடத்திலேயே பழகியவை. ஆனால் பேஸை, அதாவது மோட்டாருக்கு வருகிற மூன்று கரண்ட் வழிகளில் ஒன்றை, ‘கட்டம்’ என்று எழுதி, ‘ஒரு கட்டத்தில் மின்சாரம் இல்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தவும்’ என்றால்? ஏதோ ஒரு சமயம் கரண்ட் போனால் என்றுதான் படிப்பார்கள். சொல்ல வந்ததோ, ஒரு பேஸ் போனால் மிச்ச இரண்டும் சுமார் 1.7 மடங்கு கரண்ட் இழுக்கும் என்கிற ஆபத்து. பொத்தானில் ‘ரீசெட்’ என்று அச்சடித்துவிட்டுக் கையேட்டில் ‘மீட்டமைப்பு விசை’ என்பதும் வீண் குழப்பம். பெட்டியில் என்ன சொல்லோ, தாளிலும் அதுவே இருக்கட்டும்.

மூடியைத் திறக்கச் சொல்வது 3ஆவது படி. ‘மின்சாரத்தைத் துண்டிக்காமல் திறக்கக் கூடாது’ என்ற எச்சரிக்கை 6ஆவது படிக்குக் கீழே! ‘மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்’ என்பது முதல் வரியாக வர வேண்டாமா?

‘மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், உள்ளே வரும் மூன்று வயரில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றுங்கள்’ என்ற வரி மட்டும் பளிச். இதை எழுதியவரிடமே மற்றப் பக்கங்களையும் கொடுத்திருக்கலாம்.

வாங்குகிறவர்கள், தங்கள் மோட்டாருக்குக் கணக்குப் போட்டு வந்த ஆம்பியரை மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.