டாஸ்மேனியன் டைகர் என்று சொல்லிப் பச்சை நாற்றை விற்கிறார்கள், உஷார்

அடிலெய்டில் தோட்டம் போடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டிலிருந்தே செடி விற்கும் ஒருவர், 'டாஸ்மேனியன் டைகர்' என்ற யூபோர்பியா செடி ரகம் என்று படம் போட்டு ஆர்டர் எடுக்கிறார். படத்தில் சாம்பல் பூத்த பச்சை இலை, ஓரமெல்லாம் பால் வெள்ளை. அழகாகத்தான் இருக்கிறது. வெயிலும் வறட்சியும் தாங்கும், வருஷம் முழுக்க இலை உதிர்க்காது என்பதும் உண்மைதான். பூர்வீகம் மத்தியதரைக்கடல் பக்கம், நம் ஊர்க் கள்ளிக்குச் சொந்தம். மழை குளிர்காலத்தில், கோடையில் சுட்டெரிப்பு என்ற அடிலெய்டு வானிலை அதற்குப் பழக்கமானது.

ஒன்று 25 டாலர் என்று மூன்று வாங்கினேன். வந்த மூன்றும் முழுப் பச்சை. நுனிக் கொழுந்தில்கூட வெள்ளைக் கோடு இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "அக்கா, சின்னச் செடிதானே, வெயில்ல வைங்க, வெள்ளை தானா ஏறிடும்."

ஏறாது. 1993-இல் டாஸ்மேனியாவில் ஒரு தோட்டத்தில் தற்செயலாகக் கிடைத்த ஒற்றைச் செடியிலிருந்து வந்தது இந்த ரகம். அந்த வெள்ளைக் கரை விதை வழியாக இறங்குவதில்லை. விதையில் முளைப்பது பெரும்பாலும் வெறும் பச்சைதான். போத்து வெட்டி வைத்தோ திசு வளர்ப்பிலோதான் பெருக்க முடியும். பச்சையாகவே முளைத்த நாற்றை எந்த வெயிலில் வைத்தாலும் வெள்ளையாகாது. சொல்லப்போனால் நிஜமான செடியிலேயே நடுவில் பச்சைக் கிளை கிளம்பும். அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும் என்பதால் பார்த்தவுடன் அடியோடு வெட்ட வேண்டும்.

தொட்டியைக் கவிழ்த்தபோது கதை புரிந்தது. ஓரத்தில் அதே இலையோடு இரண்டு குட்டி முளைகள். இந்தச் செடியின் காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். தாய்ச் செடியின் அடியில் நாற்று தானாக முளைத்துக் கிடக்கும். அதை மண்ணோடு அள்ளித் தொட்டியில் வைத்து லேபிள் ஒட்டியிருக்கிறார். மண் வேறு சொதசொதவென்று இருந்தது, ஒரு செடிக்கு வேர் பழுப்பாகி அழுகல் வாடை. வறட்சியைத் தாங்கும் இந்தச் செடிக்குத் தேங்கும் நீர் ஆகவே ஆகாது. நம் பக்கத்துக் களிமண்ணில் நடுபவர்கள் மேட்டுப் பாத்தி போட்டு, வெயில் தணிந்த இலையுதிர் காலத்தில் நடுவது நல்லது.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில். "குழந்தைங்க இருக்கற வீட்டுக்கும் சேஃப்" என்று அதே விளம்பரத்தில் போட்டிருக்கிறார். கிளையை ஒடித்தால் வருவது கள்ளிப்பால்! தோலில் பட்டால் எரிந்து தடிக்கும். கண்ணில் பட்டால் கடுமையான வலி, கருவிழியே பாதிக்கப்படலாம். உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பூத்து முடிந்த தண்டை வருஷா வருஷம் அடியில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதால் இந்தப் பாலிலிருந்து தப்பவே முடியாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாதுக்கா" என்றார், அப்புறம் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வியாபாரமாக விற்பவர் கொடுக்கும் பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் 'ரிட்டர்ன் கிடையாது' என்ற பேச்சு செல்லாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கன்ஸ்யூமர் அண்ட் பிசினஸ் சர்வீசஸ் என்ற மாநில அரசின் நுகர்வோர் துறையிடம் புகார் கொடுக்கலாம். விளம்பரப் படம், உரையாடல், வந்த செடியின் போட்டோ மூன்றையும் வைத்து நான் கொடுத்திருக்கிறேன். நீங்களும் அவரிடம் வாங்கியிருந்தால் செடியைத் தூக்கிப் போடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

இனி வாங்குவதென்றால் நேரில் போய், கையில் எடுக்கும் அந்தச் செடியிலேயே வெள்ளைக் கரை இருக்கிறதா என்று பாருங்கள். விதை பாக்கெட்டாக விற்றால் பக்கமே போகாதீர்கள். அவர் இப்போது வேறொரு குழுவில் அதே படத்தைப் போட்டிருக்கிறாராம், விலை மட்டும் 20 டாலர்.