பருத்திப் புழுவுக்கு என்ன மருந்து? தேவகோட்டைப் பக்கத்து அனுபவம்

தேவகோட்டைப் பக்கம் செம்மண்ணில், கிணற்றுப் பாசனத்தில் பருத்தி போடுகிறோம். முன்பெல்லாம் புழு கண்ணில் பட்டாலே மோனோகுரோட்டோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்து அடிப்போம். புழு செத்துவிடும். கொஞ்ச நாளில் இலையடி முழுக்க வெள்ளை ஈ மொய்க்கும். அதைத் தின்னும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அந்த மருந்திலேயே செத்திருக்கும்.

புழுவை மட்டும் குறிவைக்கும் மருந்துகளுக்கு மாறிச் சில வருடம் ஆகிறது. முதல் தேர்வு குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (திரவ மருந்து); கடையில் கோராஜன் என்று கேட்கலாம். ஏக்கருக்கு 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். 10 லிட்டர் டேங்குக்கு 3 மில்லிதான். விலை கூடுதல், ஆனால் பொறிவண்டு வயலில் நிற்கிறது.

மறுநாள் போய்ப் பார்த்தால் புழு உயிரோடுதான் இருக்கும். பதறி இன்னொரு மருந்தை அடித்துவிடாதீர்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: உடம்பு துவண்டு, சுருங்கி, இலையைக் கடிக்க முடியாமல் கிடக்கும். மருந்து தசையைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. தீனி நின்றால் சேதமும் நின்றது. இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். புரோடீனியா என்ற இலை தின்னும் புழுவின் குஞ்சுகள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து அதைச் சல்லடையாக்கும். அந்த இலைகளைக் கிள்ளி எடுத்தாலே பல சமயம் மருந்து தேவைப்படாது.

அடுத்த முறை அதே மருந்து வேண்டாம், புழு பழகிவிடும். நான் இமாமெக்டின் 5 எஸ்.ஜி. (குருணை மருந்து) எடுப்பேன், டேங்குக்கு 4 கிராம். வெயிலில் சிதையும் என்பதால் சாயங்காலம்தான் அடிப்பேன். ஸ்பினோசாட்டும் நல்ல மருந்துதான். ஆனால் ஈரம் காயும் வரை தேனீக்கு ஆகாது. பூக்கும் சமயத்தில் யோசித்து அடியுங்கள். இவை எதையும் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு நம்ப வேண்டாம்.

காய்க்குள் போய்விட்ட இளஞ்சிவப்புப் புழுவுக்கு எந்த மருந்தும் எட்டாது. புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. பருத்திதானே என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. அந்தப் புழு அதையும் தாண்டிவிட்டது. ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுப்பது) வைத்துக் காலையில் எண்ணுங்கள். தொடர்ந்து 3 இரவும், இரவுக்குப் பொறிக்கு 8 அந்துப்பூச்சி விழுந்தால் மருந்தடிக்க இறங்கிவிட வேண்டும். இதழ் விரியாமல் ரோஜா மொட்டாக ஒட்டி நிற்கும் பூக்களைப் பறித்து அழியுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் மாரை, அதாவது நிற்கும் பருத்திச் செடியை, பிடுங்கிவிடுகிறேன். விட்டால் பிந்தின காய்களில் தங்கி, அடுத்த பட்டத்துக்குப் புழு வந்துவிடும்.