முத்தியால்பேட்டை டீக்கடை: டீ சுமார், பேச்சு பிரமாதம்

டீக்கு மட்டும் என்றால் மூன்று ஸ்டார்தான் தருவேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள், முன்னாடியே "கம்மியா" என்று சொல்லிவிடுங்கள். மசால் வடை சூடாக இருந்தால் வாங்கலாம். ஆனால் பேப்பர் கிடக்கும் அந்த பெஞ்சுக்காகவே போகலாம்.

போன வாரம் ஒருத்தர், "ஒரு கட்சி இப்படிப் படுதோல்வி அடைஞ்சா ஜனங்க கொள்கையே மாறிடுச்சுன்னுதானே அர்த்தம்" என்று ஆரம்பித்தார். மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே கணக்கை எடுத்துவிட்டார்: புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் 2016இல் 15 இடம் பிடித்த காங்கிரஸ் 2021இல் 2 இடத்துக்கு விழுந்தது, சரி, அப்புறம் 2024 மக்களவைத் தேர்தலில் இதே ஊர் அதே காங்கிரஸின் வைத்திலிங்கத்தை ஜெயிக்க வைத்ததே, அதுவும் காங்கிரஸிலிருந்து பாஜகவுக்குப் போன நமச்சிவாயத்தைத் தோற்கடித்து! (கொள்கை மாறியது யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.) தமிழ்நாட்டில் 1996இல் 4 இடம் வாங்கிய அதிமுக 2001இல் ஆட்சிக்கே வந்தது.

எதிர்ப்பக்கம் தமிழ்நாட்டில் காங்கிரஸ் திமுகவிடம் ஆட்சியை இழந்த 1967 தேர்தலை நீட்டியது, காங்கிரஸ் அதற்கப்புறம் அங்கே முதல்வர் நாற்காலியைப் பார்க்கவே இல்லையே என்று. நியாயம்தான். ஆனால் அந்தத் தேர்தலிலும் காங்கிரஸுக்குச் சுமார் 41 சதவீதம் ஓட்டு, திமுகவைவிடக் கொஞ்சம் அதிகம், திமுகவின் கூட்டணிதான் காங்கிரஸைக் கவிழ்த்தது. இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்த கோபம் நிலைத்துவிட்டது என்பது 1971க்குப் பிறகுதான் உறுதியானது. நான் மாஸ்டர் கட்சி.

ஜிபே உண்டு, வண்டி நிறுத்தத்தான் இடம் கிடையாது.