வவுனியா முகவர் ஊடாக ஒரு பாவித்த யாரிஸ்: சேவையும் செலவும்

பாவித்த வாகனம் என்றால் மலிவாகத்தான் முடியும் என்ற கணக்கோடுதான் வன்னியில் பலரும் இறக்குமதி முகவர்களிடம் போகிறார்கள். இலங்கையின் வரி அமைப்பு அந்தக் கணக்குக்கு அதிகம் இடம் கொடுப்பதில்லை. வவுனியா நகரில் உள்ள ஒரு முகவர் நிலையத்தின் ஊடாக, ஜப்பானில் ஓடிய 996 சிசி பெற்றோல் டொயோட்டா யாரிஸ் ஒன்றை என் பெயரிலேயே இறக்குவித்தேன். அவர்களின் சேவையில் நல்லதும் குறையும் உண்டு. ஆனால் அதை எடைபோடுவதற்கு முன் பணம் எங்கே போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. மூன்று வயதுக்கு மேற்பட்ட காரைக் கொண்டுவர முடியாது என்பதால், நம் ஊர்களில் பழைய ஆட்கள் நினைக்கும் பத்து வருடப் பழைய கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைமன்னாரிலிருந்து பார்த்தால் இந்தியாதான் பக்கத்து நாடு, அங்கும் வலப்பக்க ஸ்டியரிங்தான். ஆனாலும் அங்கிருந்து வருபவை பெரும்பாலும் புதிய வாகனங்களே. பாவித்த கார் என்றால், ஏலத்தில் பரிசோதனைத் தாளோடு விற்கும் பழக்கம் வேரூன்றிய ஜப்பானையே எல்லோரும் நாடுகிறார்கள்.

கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துக் காரின் பெறுமதி 25 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, அதற்கு 20 சதவீத சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீத மேலதிக வரி, ஆக ஏழரை இலட்சம். அடுத்தது உற்பத்தி வரி. 1000 சிசிக்குட்பட்ட பெற்றோல் காருக்கு ஒரு சிசிக்கு 2,450 ரூபாய் வீதம் 996 சிசிக்கு 24,40,200 ரூபாய். பெறுமதியோடு பத்து சதவீதத்தைக் கூட்டி, இந்த வரிகளையும் சேர்த்து, மொத்தத்துக்கும் 18 சதவீத பெறுமதி சேர் வரி போட்டால் இன்னும் ஏறத்தாழ 10 இலட்சத்து 70 ஆயிரம். 25 இலட்சம் பெறுமதியான காருக்கு வரி மட்டும் நாற்பத்திரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. வங்கிக் கட்டணம், சுங்க முகவர் கூலி, துறைமுகச் செலவு, பதிவு, ஊர் வந்து சேரும் செலவு எதுவும் இதில் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது உற்பத்தி வரியைத்தான். அது எஞ்சினை மட்டுமே அளக்கிறது. கார் தேய்ந்ததா, புதியதா, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று அது கேட்பதில்லை. ஆகவே பாவித்த காரில் மிஞ்சுவது, பெறுமதியோடு ஏறி இறங்கும் பகுதியில் மட்டும்தான்: சுங்கம் ஏற்கும் பெறுமதியில் ஐந்து இலட்சம் குறைந்தால், கைச்செலவில் ஏழே முக்கால் இலட்சம் அளவில் குறையும். ஆனால் எஞ்சினைப் பெரிதாக்கினால் நிலைமை தலைகீழ். சற்று உயரமான 1196 சிசி டொயோட்டா ரைஸ் (Raize) காருக்கு சிசி ஒன்றுக்கு 3,850 ரூபாய் என்பதால் உற்பத்தி வரியே 46 இலட்சத்தைத் தாண்டுகிறது. இருநூறு சிசி கூடுதலுக்கு, பெறுமதி சேர் வரியோடு சேர்த்து, இருபத்தைந்தரை இலட்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

வன்னிக்காரருக்கு இது வெறும் கணக்கு அல்ல. யாரிஸின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 145 மில்லிமீற்றர்தான், ரைஸில் 185. ஏ9 வீதியில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ளே போகும் கிரவல் வீதியில், மாரி மழை கரைத்துவிட்ட பள்ளங்களில் யாரிஸின் முன் பம்பரின் கீழ்விளிம்பு உராயும் ஓசை ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. அந்த நாற்பது மில்லிமீற்றருக்கு இருபத்தைந்து இலட்சம் கொடுப்பது நியாயமில்லை என்பது என் முடிவு. தோட்டத்துக்கும் வயலுக்கும் தினமும் போய்வருபவர் வேறு முடிவு எடுக்கலாம்.

இனி முகவரின் சேவை. ஏலத்தாள், அதாவது ஜப்பானிய ஏலத்தின் பரிசோதனைத் தாள் விடயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாலரைத் தரம் என்று எழுதியிருந்ததை மட்டும் காட்டி ஆளை அசத்தாமல், கார்ப் படத்தின் மேல் இட்டிருந்த குறிகளை ஒவ்வொன்றாக விளக்கினார்கள்: ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யு என்றால் தட்டிப் பூச்சடித்த அலை. இடது பின்கதவில் டபிள்யு2 என்று இருந்தது. கார் வந்தபின் வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, அந்தக் கதவில் மட்டும் பூச்சு தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தாளில் இருந்ததுதான் காரிலும் இருந்தது. இந்தத் தொழிலில் அது சிறிய விடயம் இல்லை.

குறை விலைக்கூறலில் இருந்தது. யென்னின் பெறுமதியை அன்றைய நாளின் சாதகமான வீதத்தில் போட்டு, மாறக்கூடும் என்பதைத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். சுங்கம் வாரந்தோறும் தான் அறிவிக்கும் வீதத்தில்தான் கணக்கிடுகிறது என்பதால், கார் அம்பாந்தோட்டையில் இறங்கும் வேளையில் தொகை கூடிவிட்டது. 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் போட்டிருந்ததற்குள் துறைமுகச் செலவு அடங்கியிருந்தது, வவுனியாவுக்குக் கொண்டுவரும் லொறிக் கூலி அடங்கவில்லை. விவரம் கேட்டபோது தயங்காமல் பற்றுச்சீட்டுகளைக் காட்டினார்கள். ஆனால் கேட்காமல் காட்டவில்லை.

விற்பவருக்குப் பணம் போய்ச் சேரும் என்று வங்கி உறுதி தரும் நாணயக் கடிதத்தை (எல்.சி.) கார் வாங்குபவரின் பெயரிலேயே திறக்கச் சொன்னது அவர்கள் தந்த மிகப் பயனுள்ள ஆலோசனை. இறக்கிய காரை 90 நாட்களுக்குள் பதிவுசெய்யாவிட்டால் மாதந்தோறும் 3 சதவீதத் தண்டம் ஏறும். முகவரின் பெயரில் வந்து ஆளுக்காகக் காத்து நிற்கும் காரில், அந்தத் தண்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற இழுபறி வரும்.

கையில் முழுப்பணமும் இருந்து, சில மாதங்கள் பொறுக்கக்கூடியவர் இவர்களிடம் போகலாம்; போகும்போது 'இதர செலவுகள்' என்ற வரியைப் பிரித்து எழுதித் தரச் சொல்லி, கையொப்பமும் வாங்கிக்கொள்ளட்டும். லீசிங்கை நம்பி வாங்குபவருக்கு, கண்முன்னே பதிவோடு நிற்கும் காரைக் கார் சேலில் பார்த்து வாங்குவதுதான் வசதி. என் காரின் திரை இன்னும் ஜப்பானிய மொழியில்தான் பேசுகிறது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்ன பொடியன் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.