டீசல் பிக்கப்புக்கு வாங்கிய அழுத்தமானிப் பெட்டி: ஆறு மாதப் பழக்கத்தில் கண்டது

பெட்டியைத் திறந்ததும் முள்ளையோ எண்களையோ நான் பார்க்கவில்லை. பித்தளை இணைப்புகளின் மரையைத்தான் விரலால் தடவிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகத் தச்சுவேலை செய்கிறேன்; எந்தக் கருவி கைக்கு வந்தாலும் அது எந்த இடத்தில் பல்லிளிக்கும் என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. மரை சுத்தமாக இருந்தது. பல்லிளித்தது வேறு இடத்தில், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிட வேண்டும். பலகை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது என் பிக்கப் திடீரென்று சோர்ந்துபோகும். எச்சரிக்கை விளக்கு எரியும், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர மனமில்லாமல் ஊரும். ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்து, சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். வெறும் வண்டியாகச் சமதரையில் போனால் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறை வாசிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0087 என்ற குறியீடு வந்தது. ரெயிலில், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு உயரழுத்த டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், எரிபொருள் அழுத்தம் மிகக் குறைவு என்று அதற்கு அர்த்தம்.

“உயரழுத்தப் பம்பு போய்விட்டது அண்ணே, மாற்றிவிடலாம்” என்றார் மெக்கானிக்.

“பம்புதான் என்று எப்படித் தெரியும்?”

“ஃபில்டர் போட்டு இரண்டு மாதம்தானே ஆகிறது? வேறு என்ன இருக்கப்போகிறது?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குறியீடு அழுத்தம் குறைந்தது என்று மட்டும்தான் சொல்கிறது, யாரால் குறைந்தது என்று சொல்வதில்லை. பம்பு தேய்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று வாங்கிய டீசலில் பெரும்பகுதியைத் திரும்பு குழாய் வழியாக டாங்குக்கே அனுப்பிவிடலாம். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரெயிலின் நிவாரண வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், பம்புக்குள் போகும் டீசலை அளந்துவிடும் வால்வு சிக்கிக்கொண்டிருக்கலாம். பம்பு நன்றாகவே இருந்து, அதற்குப் போதிய டீசல் வந்து சேராமலும் இருக்கலாம். ஐந்து பேர் மேல் சந்தேகம் இருக்கும்போது, இருப்பதிலேயே விலை உயர்ந்தவரை முதலில் தண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பம்பின் விலையோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி ஒரு சிறு துண்டு. வாங்கிவிட்டேன்.

உள்ளே இருப்பவை: வெற்றிடம், அழுத்தம் இரண்டையும் காட்டும் ஒரு கேஜ், இரண்டு ரப்பர் ஹோஸ்கள், ஒரு முழம் நீளத்தில் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்று, வெவ்வேறு அளவுகளில் டி வடிவ இணைப்புகள், இன்ஜெக்டர் திரும்பு அளவைப் பார்க்க அளவுக்கோடு போட்ட நான்கு புட்டிகள். கேஜில் பூஜ்யத்துக்கு ஒரு பக்கம் கறுப்பு எண்கள் 10 பார் வரை அழுத்தத்துக்கு, மறுபக்கம் சிவப்பு எண்கள் 30 அங்குலப் பாதரசம் வரை வெற்றிடத்துக்கு. டாங்கில் மின்சாரப் பம்பு உள்ள வண்டிக்குக் கறுப்பு எண்கள் பயன்படும். என் வண்டியில் அது கிடையாது. உயரழுத்தப் பம்போடு சேர்ந்திருக்கும் சிறு பம்புதான் டாங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. எனவே எனக்கு வேலை முழுவதும் சிவப்புப் பக்கத்தில்தான்; அங்கே எண் கூடினால் பம்பு டீசலுக்காக அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

புட்டிகளிலிருந்து தொடங்கினேன், அது சுலபம் என்பதால். நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு முனைகளிலும் ஹோஸ்களை மாட்டி, வண்டியின் திரும்பு குழாயை அடைத்துவிட்டு, சூடான எஞ்சினை ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டேன். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நிரம்பியிருந்தால் அந்த இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும். புட்டிகளைப் பற்றிக் குறையே இல்லை; கோடுகள் டீசல் பட்டும் அழியவில்லை.

அடுத்தது கண்ணாடி ஹோஸ். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டினேன். எஞ்சினைக் கிளப்பினால் சரம் சரமாகக் குமிழிகள். உறிஞ்சும் பக்கத்தில் எங்காவது சந்து இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு ஃபில்டர் தலையிலிருந்து டாங்க் வரை ஒவ்வொரு கிளாம்பாக முறுக்கினேன். அரை நாள் போனது, குமிழி நிற்கவில்லை. கடைசியில் பெட்டியின் மீதே சந்தேகம் வந்தது. ஹோஸைத் தனியே கழற்றி ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கேஜையும் டி இணைப்பு வழியாக ஒரு பெரிய சிரிஞ்சையும் மாட்டி இழுத்தேன். முள் 15க்குப் போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் இணைப்பின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. காற்றுக்கசிவைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவியே காற்றைக் கசியவிட்டால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த இணைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பித்தளையில் ஒன்று வாங்கி மாட்டினேன். குமிழிகள் நின்றன. இதை வாங்குகிறவர்கள் வண்டியில் மாட்டுவதற்கு முன் சிரிஞ்சுச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இனி கேஜ். ஃபில்டரைத் தாண்டி டி இணைப்பைப் போட்டேன். வெறும் ஓட்டத்தில் 2 அங்குலம். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 4. சுமையோடு மேடேறும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ஓட்டிக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும், பெட்டியில் வந்த ஹோஸோ பானட்டைத் தாண்டவில்லை. தனியாக ஹோஸ் வாங்கி நீட்டி, பானட்டின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை வைப்பர் தண்டில் கட்டினேன். டீசல் ஹோஸை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காது, கசிந்தால் கண்ணாடிக்கு வெளியிலேயே கசியட்டும். பக்கத்தில் தம்பி மகன் உட்கார்ந்து ஸ்கேனரையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தான்.

மேடு தொடங்கியது. கம்ப்யூட்டர் கேட்ட ரெயில் அழுத்தம் 1,400 பார், கிடைத்ததும் 1,400. முள் 6. நடுமேட்டில் முள் 11. “பெரியப்பா, பதினாறு!” என்று அவன் கத்தியபோது கிடைத்த அழுத்தம் 900க்கு விழுந்திருந்தது. விளக்கு எரிந்தது. பம்பு உறிஞ்சுகிறது, உறிஞ்ச அதற்கு எதுவும் வந்து சேரவில்லை.

பிறகு இடத்தைக் குறுக்கும் வேலை. டாங்க் மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தேன். காற்றுத் துளை அடைத்திருந்தால் முள் இறங்கியிருக்கும், இறங்கவில்லை. டி இணைப்பை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மீண்டும் அதே மேடு: 15. ஃபில்டரின் பங்கு ஓர் அங்குலம்தான். அடைப்பு டாங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே. அங்கே இருந்தது ஒரு சல்லடை, ஓர் இரும்புக் குழாய், ஒரு சாண் ரப்பர் ஹோஸ். சல்லடையில் ஒன்றும் இல்லை. ஹோஸ் வெளியே பார்ப்பதற்குப் புதுசு போலவே இருந்தது. கிளாம்ப் கடித்த இடத்தில் உளியை வைத்து நீளவாக்கில் பிளந்தேன். உள்தோல் ஒட்டு விட்டு, நாக்கு போல ஒரு துண்டு எழுந்து நின்றது. உறிஞ்சல் கூடக்கூட அந்த நாக்கு வழியை மூடியிருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் மடங்கி வழிவிட்டிருக்கிறது. புது ஹோஸ் போட்டு அதே பலகைச் சுமையோடு அதே மேட்டில் முள் 4ஐத் தாண்டவில்லை. உயரழுத்தப் பம்பு பழையதுதான், இன்றுவரை ஓடுகிறது.

என் எண்களை அப்படியே உங்கள் வண்டிக்குப் பொருத்த வேண்டாம். உறிஞ்சும் முறைக்கு ஓர் எல்லை, டாங்கில் பம்பு உள்ளதற்கு வேறு. அந்தந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில் இருக்கும்.

கேஜைப் பற்றி இன்னும் இரண்டு புகார். உள்ளே கிளிசரின் நிரப்பவில்லை என்பதால் பம்பின் துடிப்புக்கு முள் நடுங்குகிறது. நடுவைப் பார்த்து மதிப்பிட வேண்டியிருக்கிறது. சிவப்பு எண்கள் மிகச் சிறியவை.

மூன்றாவதைப் புகார் என்று சொல்வது போதாது. கூட வந்த ஒற்றைத்தாள் இது “எல்லா எரிபொருள் அமைப்புகளுக்கும் ஏற்றது” என்கிறது. இல்லை. 10 பார் கேஜ் இது. வெறும் ஓட்டத்திலேயே என் வண்டியின் ரெயிலில் 300 பார் இருக்கிறது. அந்தப் பக்கத்து அழுத்தத்தை ரெயில் சென்சார் வழியாக ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த உயரழுத்தப் பக்கத்து இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துவதோ, கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவுவதோ கூடவே கூடாது. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது அது. இதை எழுத அந்தத் தாளில் இடம் இருந்தது. பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் விட்டிருக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். பிளாஸ்டிக் இணைப்புக்கு ஒன்று, அந்தத் தாளுக்கு அரை கழித்துக்கொண்டேன். பெட்டி இப்போது மெக்கானிக்கிடம் இருக்கிறது. இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப்போனவர், மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, இன்னொரு பிக்கப் வந்திருக்கிறது என்றார். பிளந்த ஹோஸ் துண்டை அவர் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.